கடைசி வாங்கில் அமர்ந்த ஆசிரியர்கள்

எமது கல்லூரியின் மண்டபச் சுவரில் அதிபர்களின் படங்கள், அவர்கள் பணியாற்றிய ஆண்டுகளோடு வரிசையாகத் தொங்கின. பகுதித் தலைவர்களுக்கு அங்கே படம் இருக்கவில்லை. எமது பழைய மாணவர் சங்கத்தின் இந்த மலரின் பழைய இதழ்களைப் புரட்டினாலும் அதிபர்களையும் எமக்கு நேரடியாகக் கற்பித்த ஆசிரியர்களையும் பற்றியே நாம் எழுதியிருக்கிறோம். இருவருக்கும் நடுவே நின்று பாடசாலையை நாள்தோறும் நடத்தியவர்களைப் பற்றி எழுதவில்லை. இன்று நானும் இங்கிலாந்தில் ஒரு பாடசாலையின் கணிதத் துறைக்குப் பொறுப்பாக இருப்பதனால், அந்த விடுபடல் என்னை உறுத்துகிறது.

ஏழாம் தரத்தில் நான் வகுப்புத் தலைவனாக இருந்தேன். காலையில் வரவு இடாப்பைக் கொண்டுபோய் இடைநிலைப் பிரிவின் பகுதித் தலைவராக இருந்த ரீச்சரின் மேசையில் வைப்பது எனது கடமை. மேசை முழுவதையும் மூடிய ஒரு பெரிய தாளில் நேரசூசி பென்சிலால் எழுதப்பட்டிருக்கும்; சில கட்டங்கள் பலமுறை அழித்து எழுதப்பட்டதால் தாள் அங்கே பஞ்சுபோல் மெலிந்திருந்தது. ஓர் ஆசிரியர் வராத நாளில், ஓய்வாக இருப்பவரில் கண்ணில் பட்டவரை அவர் அனுப்பிவிடுவதில்லை. முதல்நாள் யாருடைய ஓய்வுப் பாடவேளை பறிபோனது, அந்த வகுப்புப் பிள்ளைகளை யார் அறிவார் என்று பார்த்து, எவருமே பொருந்தாவிட்டால் வெண்கட்டியை எடுத்துக்கொண்டு தாமே புறப்படுவார். கற்றலில் பின்தங்கியிருந்த பிரிவுக்குக் கணிதம் கடைசிப் பாடவேளையில் ஒருபோதும் வந்ததில்லை என்பதையும், அது தற்செயலாக அமைந்ததல்ல என்பதையும், நானே நேரசூசி தயாரிக்கத் தொடங்கிய பின்னர்தான் உணர்ந்தேன்.

அவ்வாண்டின் முதலாம் தவணைப் பரீட்சைக்குப் பின் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு நாள் இடாப்போடு போனபோது மேசையில் நேரசூசியைக் காணவில்லை. ஏழாம் தரத்தின் மூன்று வகுப்புப் பிரிவுகளினதும் கணித விடைத்தாள்கள், எல்லாம் ஒரே வினாவுள்ள பக்கத்தில் திறந்தபடி, மூன்று வரிசைகளாகப் பரப்பப்பட்டிருந்தன. அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டும் வினா அது. எங்கள் பிரிவில் பெரும்பாலானோர் தொகுதியெண்களைத் தனியாகவும் பகுதியெண்களைத் தனியாகவும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தோம். இன்னொரு பிரிவிலும் அதே பிழை. மூன்றாவது பிரிவில் மட்டும் ஆறில் ஐந்து என்ற சரியான விடை தாளுக்குத் தாள் இருந்தது. மொத்தப் புள்ளிகளை மட்டும் பார்த்திருந்தால் மூன்று பிரிவுகளுக்கும் பெரிய வேறுபாடு தெரிந்திராது.

மறுவாரம் அந்த மூன்றாம் பிரிவின் ஆசிரியர் எங்கள் வகுப்புக்கு வந்தார். எங்கள் கணித ஆசிரியரும், மற்றப் பிரிவின் ஆசிரியரும், பகுதித் தலைவரும் குறிப்புப் புத்தகங்களோடு கடைசி வாங்கில் அமர்ந்தார்கள். வந்தவர் ஆளுக்கொரு நீண்ட தாள் துண்டைத் தந்து, ஆறு சம பங்குகளாக மடிக்கச் சொன்னார். அரை என்பது எத்தனை பங்கு, மூன்றில் ஒன்று என்பது எத்தனை பங்கு என்று எங்களையே எண்ணவைத்தபின், "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையிலும் குறைந்த விடை வருமா?" என்று கேட்டார். வகுப்பு ஒரு கணம் அமைதியாகி, பின் ஒரேயடியாகப் பேசத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தேன், எங்கள் ஆசிரியரும் கடைசி வாங்கில் தாளை மடித்துக்கொண்டிருந்தார். அவர் எங்கள் முன்னிலையில் குறைகூறப்படவில்லை. அன்று மாலை எங்களிடம், "நானும் இதை இப்படி யோசிக்கவில்லை, பிள்ளைகள்" என்று சொன்னபோது அவர்மீது எங்களுக்கு இருந்த மதிப்புக் கூடியது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் விவியன் ரொபின்சன் இரு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2008 இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். பாடசாலைத் தலைமையின் ஐந்து வகைச் செயற்பாடுகளை ஒப்பிட்ட அவர்கள், ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தலைவர்கள் தாமும் பங்குபற்றுவதே மாணவர் பெறுபேறுகளோடு மிக வலுவாகத் தொடர்புற்றிருந்ததாகக் கண்டார்கள். அந்தத் தொடர்பின் வலுவைக் காட்டும் எண்ணான விளைவளவு 0.84. அந்த எண்ணைப் பார்த்தவுடன் எனக்கு நினைவில் வந்தது அந்தக் கடைசி வாங்குதான்.

இங்கிலாந்தில் 2006 ஜனவரி முதல், கற்பித்தல் பொறுப்புகளுக்கென ஒரு தனிக் கொடுப்பனவு நடைமுறையில் இருக்கிறது. அதைப் பெறுவதற்கான நிபந்தனைகளில் ஒன்று, தமக்கு ஒதுக்கப்பட்ட வகுப்புகளுக்கு வெளியேயுள்ள மாணவரின் முன்னேற்றத்திலும் அந்த ஆசிரியரின் பணி தாக்கம் செலுத்த வேண்டும் என்பதாகும். அந்த விதியை எழுதியவர்கள் இப்பதவியின் உயிர்நாடியைச் சரியாகவே தொட்டிருக்கிறார்கள். ஆயினும் நேரம் கொடுக்காமல் பொறுப்பை மட்டும் கொடுக்கும் இடங்களில், அதிபருக்கும் ஆசிரியர்களுக்கும் நடுவே நிற்கும் இடைநிலைத் தலைவர் படிவங்களைச் சேகரித்து மேலே அனுப்புபவராகச் சுருங்கிவிடுகிறார். நான் முன்பு பணியாற்றிய ஒரு பாடசாலையில் ஓராண்டு முழுவதும் அப்படித்தான் இருந்தேன். அவ்வாண்டில் சக ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் ஒரு பாடவேளைகூட அமர முடியவில்லை. அதை இன்றும் எனது இழப்பாகவே கருதுகிறேன்.

எங்கள் ரீச்சருக்கும் நேரம் எவரும் கொடுத்திருக்க மாட்டார்கள். தமது ஓய்வுப் பாடவேளைகளை ஒவ்வொன்றாகச் செலவிட்டே அவர் அந்த விடைத்தாள்களைப் பரப்பியிருக்க வேண்டும்.

சங்கத்தின் செயற்குழுவிடம் ஒரு விண்ணப்பம். இம்மலரின் இறுதிப் பக்கத்தில் அதிபர்களின் பெயர்ப்பட்டியலை அச்சிடுகிறோம். அதற்கு அடுத்த பக்கத்தில் ஆரம்பப் பிரிவு, இடைநிலைப் பிரிவு, உயர்தரப் பிரிவு என்ற ஒழுங்கில் பகுதித் தலைவர்களின் பெயர்களையும் ஆண்டுகளோடு சேர்த்தருள வேண்டும். பழைய சம்பவத்திரட்டுப் புத்தகங்களில் கிடைக்காதவற்றை, இன்னும் எம்மிடையே வாழும் மூத்த ஆசிரியர்களிடம் கேட்டு அறியலாம். எனக்குத் தெரிந்த ஒரு பெயரையும், அவர் அந்த அறையில் இருந்த ஆண்டுகளையும் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன்.