ஏரி இருந்த இடத்தில் இடதுபக்கம் திரும்பவும்

4 ஜனவரி 2025, சனி

பிள்ளைகளை நடைக்கும் முகாமுக்கும் கூட்டிப்போகிறவர்களுக்கான பயிற்சி இன்று தொடங்கியது. பள்ளியில் கணக்குப் பிரிவில் இருக்கிறவளுக்கு இது எதற்கு என்று அம்மா கேட்டாள். ஒழுங்கான பதில் இல்லை. போன வருடம் பிள்ளைகளை முகாமுக்குக் கூட்டிப்போக ஆள் பற்றவில்லை, நான் கை தூக்கிவிட்டேன், அவ்வளவுதான்.

சொல்லித்தருகிறவர் ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூர் அல்சூரில் வளர்ந்த எனக்கு, ‘தம்பி’கள் என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்தப் படைக்காரர்கள் புதிதில்லை, ஏரிக்கரையில் அவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போனேன். இங்கிலாந்தில் மவுன்டன் டிரெயினிங் என்ற அமைப்பு ‘லோலேண்ட் லீடர்’ என்று ஒரு பயிற்சி நடத்துகிறது. சார் அதிலிருந்து எடுத்து நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறார். மலையேற்றம் கிடையாது. வரைபடத்திலும் தரையிலும் தெரிகிற பாதையில் மட்டும் நடை. எங்கே நின்றாலும் 3 கிலோமீட்டருக்குள் ஓர் ஊரோ வண்டி வரும் சாலையோ இருக்க வேண்டும்.

லோலேண்ட், அதாவது தாழ்நிலம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கிலாந்தின் மிக உயரமான சிகரமான ஸ்காஃபெல் பைக்கே 978 மீட்டர்தான். அவர்களுடைய உச்சிக்குக் கொஞ்சம் கீழே நின்றுகொண்டு நாம் ஆட்டோக்காரரோடு பேரம் பேசுகிறோம்.

11 ஜனவரி, சனி

டோபோஷீட் பாடம். இந்திய சர்வே துறையின் 1:50,000 வரைபடம், 2 செ.மீ. என்றால் ஒரு கிலோமீட்டர். சம உயரக் கோடுகளுக்கு இடையே 20 மீட்டர். அப்படியென்றால் ஆறு மாடிக் கட்டடம் உயரத்துக்கு ஒரு மேடு இருந்தாலும் இரண்டு கோட்டுக்கு நடுவில் காணாமல் போய்விடலாம். மலையில் சரிவைப் பார்த்தே இடம் கண்டுபிடிக்கலாமாம். சமவெளியில் எல்லாத் திசையும் ஒன்று போலத்தான் இருக்கும். ஏரிக்கரை, ரயில் பாதை, கோயில் என்று எதையாவது பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

நேரக் கணக்குக்கு 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு விதி சொன்னார்: மணிக்கு 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி கூடுதல். “பிள்ளைகளோடு போனால் மூணுன்னு போட்டுக்கம்மா. வழியில பெட்டிக்கடை இருந்தா ரெண்டு” என்றார் சார்.

தூரத்தை அடி எண்ணித்தான் அளக்க வேண்டும். நூறு மீட்டருக்கு என் கணக்கு 68 இரட்டை அடி (இடது, வலது இரண்டும் சேர்ந்து ஒன்று). செருப்பு மாற்றினால் 70.

19 ஜனவரி, ஞாயிறு

அவமானமான நாள், எழுதித்தான் ஆக வேண்டும்.

ஹெசரகட்டாவுக்கு அப்பால் நடை. 1894இல் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர அர்க்காவதியில் கட்டிய பெரிய ஏரியைத் தாண்டி, கிராமப் பாதைகள். கேழ்வரகு அறுத்துப் போர் போட்டிருந்தார்கள். இரண்டாவது பகுதிக்கு நான்தான் தலைவி. இரவெல்லாம் உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தேன்: சின்ன ஏரி வரும், அதன் கரை முடிகிற இடத்தில் இடதுபக்கம் திரும்ப வேண்டும்.

ஏரி வரவில்லை. கல் நட்டுப் பிரித்த மனைகள் வந்தன, ஒரு வளைவு வந்தது, மறுபடி மனைகள். காம்பஸ் சரி, அடிக் கணக்கும் சரி. ஆனால் வரைபடத்தில் நீலமாக இருந்ததை நம்பி, கண்ணால் பார்த்ததை நம்பாமல், ஏழு பேரை முக்கால் கிலோமீட்டர் தாண்டி நடத்திக்கொண்டு போனேன். சார் பின்னால் வாயே திறக்காமல் வந்தார்.

கடைசியில் வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன். “கெரெனா? லேஅவுட் ஆய்த்து கணம்மா!” என்று சிரித்தாள். ஏரியா, அது வீட்டுமனை ஆகிவிட்டதே என்கிறாள்.

திரும்பி வந்து தலை எண்ணினேன். ஏழு பேர்! ஒருவரைக் காணோம் என்று அரை நிமிடம் வயிற்றைக் கலக்கியது. எண்ணாமல் விட்டது என்னைத்தான். ஆற்றைக் கடந்த சீடர்கள் கதைக்கு இத்தனை நாள் சிரித்திருக்கிறேன்.

பஸ்ஸில் சார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அந்தப் பாட்டிய மொதல்லயே ஏன் கேக்கல?” வரைபடம் கையில் இருக்கும்போது வழி கேட்பது தோற்பது மாதிரி இருந்தது, அதனால்தான். இதை அவரிடம் சொல்லவில்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

சாவனதுர்கா பாறை தெரிகிற தூரத்தில் ஒரு மாந்தோப்பு. அடுத்த வாரம் அங்கே இரவு தங்க அனுமதி கேட்கப் போனோம். இங்கே ஆளில்லாத நிலம் என்று ஒன்று கிடையாது. காடு என்றால் வனத்துறை, வெட்டவெளி என்றால் யாரோ ஒருவரின் வயல், மிச்சமிருப்பது ஊர் மாடுகளின் கோமாளம், நம் பாஷையில் மேய்ச்சல் புறம்போக்கு.

தோப்புக்காரர் எங்கள் காகிதங்களைப் பார்க்கவே இல்லை. பிள்ளைகள் எத்தனை பேர், எங்கே ‘ஒதுங்குவார்கள்’ என்றுதான் கேட்டார். கிணற்றிலிருந்து 60 மீட்டருக்கு அப்பால், ஒரு சாண் ஆழக் குழி என்றேன். கிணற்றைக் காட்டிவிட்டு, இது குடிக்க ஆகாது, போர்வெல்லில் பிடியுங்கள் என்றார். கிழக்கு வரப்பில் எலி வளைகள், அங்கே டென்ட் வேண்டாம்; புல் காய்ந்து கிடக்கிறது, நெருப்பு கூடவே கூடாது. இதில் ஒன்றாவது டோபோஷீட்டில் இருக்கிறதா?

எலி இருந்தால் பாம்பு. திரும்பும் வழியில் அரசு மருத்துவமனைக்கு நேரிலேயே போய் விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று விசாரித்தோம். இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.

9 பிப்ரவரி, ஞாயிறு

பன்னிரண்டு பிள்ளைகள், நான் பதின்மூன்றாவது. சார் தனியாகத் தள்ளி டென்ட் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

நேற்று 9 கிலோமீட்டர் நடை. புது ஷூ போட்டு வந்த பையனுக்கு மூன்றாவது கிலோமீட்டரிலேயே கொப்புளம். மதியம் அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சம்பழச் சோறு எனக்கு ஒரு வாய்தான் மிஞ்சியது.

இரவு ஜிப் விஷயத்தில் மட்டும் நான் பூதமாக மாறினேன். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும், பல சமயம் வலிகூடத் தெரியாது. அதனால் வெளியே போனால் டார்ச், உள்ளே வந்தால் ஜிப், ஷூவை உதறிவிட்டுத்தான் போட வேண்டும். பிள்ளைகள் எனக்கு ‘ஜிப் மிஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு மணிக்கு நாய்கள் குரைத்தன. ஒரு பெண் அழுதாள். வீட்டு ஞாபகம்தான். விடியும் வரை என் பக்கத்தில் உட்கார்ந்து நாய்க்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் வரிசையாக நின்று தோப்பை இரண்டு முறை சல்லடை போட்டோம். ஒரு மிட்டாய்க் காகிதம் இல்லை. சார் என் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

10 பிப்ரவரி, திங்கள்

ஆபீஸில் இருக்கும்போது தோப்புக்காரர் போன் செய்தார். எல்லாரும் வீடு சேர்ந்தார்களா என்று கேட்டுவிட்டு, மரத்தடியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கிடக்கிறது, அடியில் தமிழில் ஏதோ வெட்டியிருக்கிறது, உங்களுடையதா என்றார்.

அது அம்மாவின் பெயர். கல்யாணத்துக்கு வந்த ஆறு டம்ளரில் ஒன்று. அடுத்த ஞாயிறு போய் வாங்கி வர வேண்டும். அம்மாவும் வருகிறாளாம், டம்ளரை என்னிடம் நம்பிக் கொடுக்க மாட்டாளாம்.