கிராஸ் கன்ட்ரி: நேரம் குறைய வேண்டுமா, மெதுவாக ஓடப் பழகுங்கள்

பள்ளி அணியில் கிராஸ் கன்ட்ரி (மேடும் சேறும் புல்லுமான திறந்தவெளிப் பாதையில் நடக்கும் நெடுந்தூர ஓட்டப் பந்தயம்) ஓடுகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு, ஈஸி ரன், அதாவது நிதானமாக ஓட வேண்டிய நாளிலும் பக்கத்தில் ஓடுபவரை முந்தப் பார்ப்பது. தினமும் முக்கால் வேகம். இதனால் ஈஸி நாளில் உடல் தேறாது, கடினமான பயிற்சி நாளில் கால் எழும்பாது. சீசன் முழுக்க உழைத்தும் நேரம் அசையாமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

5 கிலோமீட்டர் பந்தயத்துக்குத் தேவையான ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஆக்சிஜனைப் பயன்படுத்தித்தான் கிடைக்கிறது. ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவு, தசைகளில் ஓடும் நுண்குழாய்கள், செல்லுக்குள் ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியா எல்லாமே மாதக்கணக்கில் நிதானமாக ஓடிச் சேர்ப்பவை. கடைசி இரண்டு வாரத்தில் மூச்சிரைக்க ஓடி இவற்றைப் பிடித்துவிட முடியாது.

5 கிலோமீட்டரை 20 நிமிடத்தில் முடிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பந்தய வேகம் கிலோமீட்டருக்கு 4:00 நிமிடம். அவருடைய ஈஸி ரன் 5:15 முதல் 5:45 வரை இருக்கலாம். ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது. டெம்போ ஓட்டம், அதாவது பந்தய வேகத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரே சீராக ஓடுவது, 4:15 முதல் 4:20 வேகத்தில், தொடர்ந்து 20 நிமிடம். முடிக்கும்போது இன்னும் ஐந்து நிமிடம் இதே வேகத்தில் போகலாம் என்ற தெம்பு மிச்சமிருக்க வேண்டும். இன்டர்வல், அதாவது இடைவெளி விட்டு விட்டு வேகமாக ஓடுவது என்றால் 1000 மீட்டர் ஐந்து முறை, ஒவ்வொன்றும் 3:55 முதல் 4:00க்குள், இடையில் இரண்டரை நிமிடம் மெல்லோட்டம். முதல் சுற்றை 3:40-ல் பறந்துவிட்டு ஐந்தாவதை 4:15-ல் இழுத்து முடித்தால், பந்தயத்தில் செய்யப்போகும் தவறுக்கு ஒத்திகை பார்த்ததாகத்தான் அர்த்தம்.

வாரத்துக்குக் கடினமான நாள் இரண்டு போதும். பந்தயமும் அதில் ஒன்றாகக் கணக்கில் வரும். ஒரு நாள் நீண்ட ஓட்டம், வாரத் தூரத்தில் கால் பங்கைத் தாண்டாமல். ஒரு நாள் முழு ஓய்வு, மற்றவை ஈஸி. ஈஸி ரன் முடிந்ததும் வாரத்தில் இரண்டு முறை 20 வினாடி ஸ்ட்ரைட்ஸ் (முழு வேகத்துக்குச் சற்றுக் குறைவாக, இறுக்கமில்லாமல் விரைந்து ஓடும் குறுகிய ஓட்டம்) ஆறு போடுங்கள், இடையே நடந்து திரும்பி வாருங்கள். சோர்வு சேராமல் காலின் வேகம் மங்காதிருக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. தூரத்தைக் கூட்டினால் இரண்டு மூன்று வாரம் அதே அளவில் நின்று, உடல் பழகிய பிறகே அடுத்த படி.

மேட்டில் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அங்கே வேகம் குறையத்தான் செய்யும். மூச்சின் உழைப்பு மாறாமல் இருந்தால் சரி. அடியைச் சுருக்கி, கையை வீசி ஏறுங்கள். பலர் உச்சியைத் தொட்டதும் தளர்ந்துவிடுகிறார்கள். உச்சிக்கு அப்பால் இருபது காலடி அதே முனைப்போடு ஓடினால், ஐந்தாறு பேரை அங்கேயே கடந்துவிடலாம். இதற்குப் பயிற்சி, மேட்டில் 45 வினாடி ஓட்டம் எட்டு முறை, இறங்கும்போது மெல்லோட்டம். அந்த வாரம் இன்டர்வலுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தய நாளில் 10 முதல் 15 நிமிடம் மெல்லோட்டம், நாலு ஸ்ட்ரைட்ஸ் போட்டுவிட்டுத்தான் கோட்டில் நிற்க வேண்டும். பாதை சீக்கிரம் குறுகுகிற இடமென்றால் முதல் 150 மீட்டர் கொஞ்சம் முந்தி ஓடி இடம் பிடிப்பது சரி, நெரிசலில் மாட்டினால் மீள்வது கஷ்டம். அதன் பிறகு உடனே உங்கள் வேகத்துக்கு இறங்கிவிடுங்கள். முதல் கிலோமீட்டரில் 15 வினாடி மிச்சம் பிடித்தவர், மூன்றாவதிலும் நான்காவதிலும் 30 வினாடிக்கு மேல் கொடுத்துவிடுவது சர்வ சாதாரணம். பெரும்பாலான பந்தயங்கள் கைவிட்டுப் போவது அந்த மூன்றாவது கிலோமீட்டரில்தான். கூட்டம் கலைந்திருக்கும், முடிவுக்கோடு கண்ணுக்கு எட்டாது. முன்னால் ஓடுபவரின் முதுகைப் பிடித்து, அவரை எட்டியதும் அடுத்தவரைக் குறிவையுங்கள்.

நேரத்தை ஒப்பிடும்போது அதே பாதையில் ஓடிய பழைய நேரத்தோடு ஒப்பிடுங்கள். சேறும் மேடும் நிறைந்த பாதையில் ஒரு நிமிடம் கூடினால் நீங்கள் பின்தங்கிவிட்டதாக அர்த்தமில்லை.

முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பில் வரும் வலியை அலட்சியம் செய்யாதீர்கள். எலும்பின் ஓரம் நெடுக பரவலாக வலித்தால் பெரும்பாலும் சுமை கூடியதன் அறிகுறி. தூரத்தைக் குறைத்தால் அடங்கும். விரலால் அழுத்தும்போது ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தாலோ, ஒற்றைக் காலில் குதிக்க முடியாவிட்டாலோ எலும்பில் விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். தூக்கமும் பயிற்சியில் சேர்த்திதான், இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு, பயிற்சியும் ஒழுங்காகச் செய்தும் வாரக்கணக்கில் நேரம் மோசமாகிக்கொண்டே போனால், ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் புரதம்) அளவைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வளரும் வயதில், குறிப்பாக மாதவிடாய் வரும் பெண்களிடம், இரும்புச்சத்துக் குறைவு சோம்பல் என்று தவறாகப் பெயர் வாங்குகிறது. பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரையை மட்டும் நீங்களாக விழுங்காதீர்கள். அளவு மீறினால் அதுவும் கெடுதல்.