மீடியம் வேவ் மட்டும் ஊமையான வால்வு ரேடியோ

உறவினர் வீட்டுப் பரணில் கிடந்த வால்வு ரேடியோ அது. பழைய பேப்பர் கண்டென்சர்களையும் பவர் சப்ளை எலக்ட்ரோலிட்டிக்குகளையும் மாற்றியதும் சிற்றலை நன்றாகவே எடுத்தது. மீடியம் வேவில் மட்டும் வெறும் இரைச்சல். திருச்சியில் 936 கிலோஹெர்ட்ஸ் நிலையம் எந்த டப்பா ரேடியோவிலும் காதைப் பிளக்கும். இதிலோ அடியில் முனகுவதுபோல் கேட்டது.

சிற்றலை வேலை செய்ததால் ஐ.எஃப். பகுதி (நிலையத்தின் அலையை 455 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றியபின் பெருக்கும் பகுதி), ஆடியோ, அந்த மாற்றத்தைச் செய்யும் ஈசிஎச்81 வால்வு எல்லாம் சந்தேகப் பட்டியலிலிருந்து போய்விட்டன. பேண்ட் சுவிட்சைச் சுத்தம் செய்தும் பலனில்லை. ஆசிலேட்டர் (அந்த மாற்றத்துக்கான அலையை ரேடியோவுக்குள்ளேயே உண்டாக்கும் பகுதி) ஓடுகிறதா என்று பார்க்க ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பக்கத்தில் வைத்து 1391-இல் நிறுத்தினேன். 936-உடன் ஐ.எஃப். 455-ஐக் கூட்டினால் வருவது அதுதான். பெரிய ரேடியோவின் முள் 936-ஐத் தாண்டும்போது சின்னதில் இரைச்சல் சட்டென அமுங்கியது. ஆசிலேட்டர் சரி. மிச்சம் ஆன்டெனா காயில்: ஏரியலோடு சேரும் பிரைமரி சுற்றும், நிலையத்தைப் பிரித்தெடுக்கும் செகண்டரி சுற்றும் கொண்டது.

ஏரியல் கம்பியை 22 பிகோஃபாரட் கண்டென்சர் வழியாக நேரே கேங்க் கண்டென்சரின் (முள்ளோடு சேர்ந்து திரும்பி நிலையம் மாற்றுவது) ஆன்டெனா பக்கத்தில் தொட வைத்தேன். நிலையம் பாய்ந்து வந்தது. (உள்ளே 250 வோல்ட் டிசி ஓடுகிறது, ஒரு கை எப்போதும் முதுகுக்குப் பின்னால்.) அணைத்துவிட்டு மீட்டரில் அளந்தேன்: செகண்டரி 3 ஓம், பிரைமரி ஓப்பன், அதாவது கம்பி எங்கோ அறுந்திருக்கிறது.

பெரும்பாலும் டேக்கில் (காயிலின் இணைப்பு முனையில்) பற்றவைத்த இடத்தில்தான் கம்பி அறுந்திருக்கும். இதில் இரண்டு முனையும் உறுதியாக இருந்தன. சுற்றின் நடுவே பச்சைக் களிம்பு. முழுக் காயிலையும் கழற்றி வேறு போடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆசிலேட்டரோடு ஒத்து ஓட வேண்டியது செகண்டரி; அதைத் தொட்டால் டயல் முழுக்கக் குழம்பும். பிரைமரிக்கு அந்தக் கண்டிப்பு கிடையாது. இந்த மாதிரி அதிகச் சுற்றுப் பிரைமரி, ஏரியலின் கெப்பாசிட்டன்ஸோடு சேர்ந்து மீடியம் வேவுக்குக் கீழே ஒத்ததிர்ந்தால் போதும். 1 மில்லிஹென்றியும் சுமார் 200 பிகோஃபாரட் ஏரியலும் சேர்ந்தால் 350 கிலோஹெர்ட்ஸை ஒட்டி வரும். ஐ.எஃப். ஆன 455-இல் மட்டும் போய் உட்காரக் கூடாது.

பிரைமரியைப் பிளேடால் மெல்ல மெல்லக் கீறி எடுத்தேன். மோட்டார் வைண்டிங் கடையில் 38 கேஜ் எனாமல் கம்பி எடை போட்டுத் தருவார்கள். இரண்டு அட்டை வளையங்களுக்கு நடுவே குவியலாக 250 சுற்றுக்குப் பக்கமாகச் சுற்றி, இண்டக்டன்ஸ் அளக்கும் எல்சிஆர் மீட்டரில் பார்த்துக்கொண்டே 1 மில்லிஹென்றிக்குக் கொண்டுவந்தேன். தேன்கூடு போன்ற பழைய சுற்றின் அழகு வராது, பரவாயில்லை.

பூட்டியதும் 936 கணீரென்று வந்தது. ஆனால் 1400-க்கு மேலே சோகை. பிரைமரியின் இரண்டு முனைகளையும் மாற்றிப் பற்றவைத்ததும் அதுவும் தெளிந்தது. சுற்றும் திசை தப்பினால் காந்தப் பிணைப்பும் கெப்பாசிட்டிவ் பிணைப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மேல் முனையில்தான் அது தெரியும். அப்புறம் 1400 பக்கம் ஆன்டெனா ட்ரிம்மரை (நுட்பமாகச் சரிசெய்ய உதவும் சின்னக் கண்டென்சர்) கொஞ்சம் திருப்பினேன். 600 பக்கம் காயில் கோரைத் தொடவே தேவைப்படவில்லை. மொட்டைமாடி ஏரியலில் சேரும் நிலைமின்சாரம் வடிந்துபோக, ஏரியல் சாக்கெட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் சேர்த்துப் பற்றவைத்தேன். இடி மின்னல் என்றால் ஏரியல் பிளக்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.