கடைசி வரி யாருடையது

வீடியோ கேம் நாயகன் மரியோவை வைத்து 2023இல் வந்த அனிமேஷன் படத்துக்கு நான் எழுதிய விமர்சனம் "பிள்ளைகளுக்குக் கட்டாயம் பிடிக்கும்" என்று முடிந்திருக்கும். அந்த வரியை நான் எழுதவில்லை. போட வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. பக்கம் அச்சுக்குப் போகிற பின்னேரம் பொறுப்பாசிரியர் அக்கா தொலைபேசியில் கேட்டார், நான் "சரி, போடுங்கோ" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் ஏசவில்லை, யாருக்கும் நட்டமில்லை. ஆனாலும் அந்த உரையாடல் இப்போதும் இடைக்கிடை வந்து நிற்கிறது.

"தம்பி, எல்லாம் வடிவா இருக்கு. ஒரு வரி மட்டும் குறையுது."

"என்ன வரி அக்கா?"

"பிள்ளையளுக்குப் பிடிக்குமோ இல்லையோ எண்டு ஒரு இடத்திலயும் சொல்லேல்லையே."

"அது விமர்சனத்தில எழுதுற விசயம் இல்லை அக்கா."

"அப்ப அதை எங்க எழுதுறது?"

கேலியாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரித்தான் கேட்டார். வேறு எந்தப் பக்கத்தில் போடலாம் என்று யோசிக்கிற குரல். அதற்கு நான் சொன்ன பதில்தான் அந்தச் "சரி".

என் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பத்திரிகைகளில் அனிமேஷன் படம் என்றாலே அது சிறுவர் பகுதிக்குத் தள்ள வேண்டிய சாமான். யாருக்கு வேலை குறைவோ அவர் தலையில் கட்டுவார்கள். அவரும் ட்ரெய்லரைப் பார்த்து, "வண்ணமயமான காட்சிகள், சிறுவர்களைக் கவரும்" என்று எழுதி முடிப்பார். அப்படி இல்லாமல், மற்றப் படங்களைப் பார்க்கிற கண்ணோடு இதையும் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கி எழுதத் தொடங்கியவன் நான். "பிள்ளைகளுக்குப் பிடிக்கும்" என்ற சொற்றொடர் படத்தைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறது என்று இப்போதும் நம்புகிறேன். பிள்ளைகளுக்கு மழைத்தண்ணியில் குதிக்கவும்தான் பிடிக்கும். அதற்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை.

எழுதியதும் வெறும் வாயில் எழுதியதல்ல. மரியோ என்கிற இந்த மீசைக்காரர் 1981இல் டொங்கி கொங் விளையாட்டில் பெயரே சரியாக இல்லாத ஒரு தச்சனாக வந்தவர். வாய் வரையப் புள்ளிகள் போதாது என்று மீசை வைத்தார்கள், தலைமுடி வரைவது கஷ்டம் என்று தொப்பி போட்டார்கள். உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவே சொன்ன காரணங்கள் இவை. வசதி இல்லாததால் பிறந்த முகம் அது. இப்போது இலுமினேஷன் நிறுவனம் அந்த மீசையின் ஒவ்வொரு மயிரையும் தனித்தனியாக வரைந்து, 92 நிமிடம் ஓடவிட்டிருக்கிறது. இவ்வளவு வசதி வந்த பிறகு அந்த முகத்தோடு என்ன செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி. ஜாக் பிளாக் குரல் கொடுத்த வில்லன் பௌசர் பியானோவில் இருந்து உருகுகிற இடம் அருமை என்று எழுதினேன். மரியோ விளையாட்டுகளுக்கு கோஜி கொண்டோ போட்ட இசை கையில் இருக்கும்போது 80களின் ஆங்கிலப் பாடல்களை எதற்குச் செருகினார்கள் என்று கேட்டேன். படத்தில் மரியோவாகப் பேசிய நடிகர் கிறிஸ் பிராட்டின் குரல் பற்றிப் படம் வருவதற்கு முன்பே நடந்த சண்டைக்குள் நான் போகவில்லை. விளையாட்டுகளில் பல வருடம் மரியோவாகப் பேசிய சார்ள்ஸ் மார்ட்டினேக்கு இதில் மரியோவின் அப்பா வேடம் கொடுத்திருக்கிறார்கள், அது மரியாதையா ஆறுதல் பரிசா என்று ஒரு வரி மட்டும். அந்த வரியும் வெட்டுப்பட்டது.

வெட்டுப்பட்டதற்கு அக்காவைக் குறை சொல்ல முடியாது. 2022 பொருளாதார நெருக்கடியில் அச்சுக் காகிதம் கிடைக்காமல் போய், சில பத்திரிகைகள் அச்சையே நிறுத்தின. தப்பியவை பக்கங்களைக் குறைத்தன. எங்கள் சினிமாப் பக்கமும் அப்போது சுருங்கியதுதான், திரும்ப விரியவில்லை. முன்னர் அரைப் பக்கம் எழுதிய இடத்தில் இப்போது 350 சொல். அதற்குள் மேற்சொன்னது அனைத்தையும் அடைத்திருந்தேன். 1993இல் மனிதர்களை வைத்து எடுத்த மரியோ படம் படுத்த கதையையும், மரியோ திரும்பப் பெரிய திரைக்கு வர 30 வருடம் ஆனதையும் இரண்டு வரியில் சொல்லியிருந்தேன். "பிள்ளைகளுக்குக் கட்டாயம் பிடிக்கும்" உட்கார்ந்தது அந்த இரண்டு வரி போன இடத்தில். இடம் அக்காவுடையது, பெயர் என்னுடையது.

இப்போது அக்கா பக்கம். அவருக்கு வீடியோ கேம் என்றால் என்னவென்றே தெரியாது, அதைப் பெருமையாகவே சொல்வார். ஆனால் எங்கள் வாசகரை அவருக்குத் தெரியும். கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கிய 2022 செப்டம்பரிலிருந்து இந்தப் படம் வந்த 2023 ஏப்ரல் வரை என்ன பெரிய மாற்றம் வந்துவிட்டது? விலை ஏறுகிற வேகம் குறைந்தது, ஏறிய விலை இறங்கவில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்து நாலு பேர் படம் பார்க்கப் போனால் டிக்கெட், பொப்கோர்ன், போய்வர ஓட்டோ என்று ஒரு கிழமைக் கறிக்காசு போய்விடும். அந்த வீட்டு அம்மா சனிக்கிழமை பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு தேடுவது மியாமோட்டோவின் மீசைக் காரணத்தையா? போகலாமா, வேண்டாமா. அவருக்கு வேண்டியது அதுதான். அதை 350 சொல்லில் ஒரு இடத்திலும் சொல்லாமல் விட்டது கொள்கையா, திமிரா என்று கேட்டால், கொள்கை என்றுதான் சொல்வேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான்.

அந்த அழைப்பில் அவர் கேட்ட இன்னொன்றை மேலே விட்டுவிட்டேன். நான் "கதை என்று சொல்ல எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு, "கேமில கதை இருந்ததோ?" என்றார். இருந்தது அக்கா, இளவரசியைக் கடத்திப்போனதால் மரியோ தேடிப் போவான் என்றேன். "பிறகு?" என்றார். பிறகு ஒன்றும் இல்லை. 1985 விளையாட்டில் கோட்டை கோட்டையாகத் தாண்டிப் போனால், இளவரசி வேறு கோட்டையில் இருக்கிறாள் என்று சொல்வார்கள். திரும்ப ஓட வேண்டியதுதான். அக்கா சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்தாலும் அது என் முழு விமர்சனத்தையும் தொட்ட கேள்வி.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய டீவி கேமில் அதை ஆடியவன் நான். அந்த விளையாட்டில் சேமித்து வைக்கிற வசதி கிடையாது. 1996 மின்வெட்டுக் காலத்தில் எத்தனையாவது உலகத்தில் நின்றாலும் கரண்ட் போனால் முதல் காளானிலிருந்து தொடங்க வேண்டும். அலுத்ததே இல்லை. கதைக்காகவா ஆடினோம்? பாய்கிற உயரம், விரல் எடுக்கிற நேரம், தப்பினால் வருகிற ஆத்திரம். படத்திலும் நல்ல இடங்கள் அவைதான். புரூக்ளினில் மரியோவும் தம்பி லூயிஜியும் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கட்டிட வேலை நடக்கிற இடத்துக்குள்ளால் ஓடுகிறார்கள், கமெரா பக்கவாட்டில் அவர்களோடேயே போகிறது. வசனமே தேவையில்லாத, படத்தின் ஆகச் சிறந்த நிமிஷம் அது. 1993இல் கதை செய்யப் போய்த்தான் கெடுத்தார்கள் என்றால், 2023இல் கதை செய்யாததைக் குறையென்று எப்படி எழுதினேன்? குறைதான் என்று இன்றைக்கும் வாதாடுவேன். ஆடுகிறவன் கையில் விசை இருக்கிறது, பார்க்கிறவன் கையில் பொப்கோர்ன் மட்டும்தான். விசை இல்லாதவனுக்குப் படம் வேறு ஏதாவது தர வேண்டும். இது நல்ல வாதம். தொலைபேசியில்தான் வரவில்லை.

தியேட்டரில் பார்த்ததை இங்கேயாவது சொல்லலாம். எனக்குப் பக்கத்துக் கதிரைகளில் ஒரு பெடியனும் அவனுடைய அம்மம்மாவும். படம் ஆங்கிலம், அவன் தமிழ் மீடியம் என்பது பேச்சிலேயே தெரிந்தது. "இப்ப அந்த மஞ்சப் பெட்டிய முட்டுவான் பாருங்கோ அம்மம்மா, காளான் வரும்" என்று தொடங்கியவன் நிறுத்தவே இல்லை. நீலக் காளானைச் சாப்பிட்டு மரியோ சின்னதாகிப் போன இடத்தில் அவன் அம்மம்மாவுக்குக் கொடுத்த விளக்கம் திரையில் இருந்ததைவிட நீளம். அந்தக் கிழவி ஒரு இடத்தில், "காளான் பிடிக்காத பெடியன் எல்லோ, பாவம்" என்றார். தொடக்கத்தில் மரியோ சாப்பாட்டுத் தட்டில் காளானை ஒதுக்கியதை அவர் கவனித்திருக்கிறார். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

சரி, இது அக்கா கட்சிக்குச் சாட்சி. ஆனால் அதே பெடியனிடம் என் கட்சிக்கும் சாட்சி உண்டு. கூட்டுக்குள் அடைபட்ட ஒரு சின்ன நட்சத்திரம் படத்தில் வரும். குழந்தைக் குரலில் சாவைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசும். பின்வரிசையில் இன்டர்நெஷனல் ஸ்கூல் பிள்ளைகள், அது வாய் திறக்கும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பகிடி முழுக்க வசனத்தில். இவன் ஒவ்வொரு தரமும் திரும்பி அவர்களைப் பார்த்தான், என்ன பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தேடுகிற மாதிரி. அம்மம்மாவுக்கு விளக்கம் சொல்வது அந்த இடங்களில் மட்டும் நின்றுபோனது. கொழும்பில் "பிள்ளைகளுக்குப் பிடிக்கும்" என்றால் எந்தப் பிள்ளைகளுக்கு? ஒரே தியேட்டரில், ஒரே விலை டிக்கெட்டில் இரண்டு படம் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் வரிக்கு எதிராக நான் சொல்லியிருக்கக்கூடிய நல்ல காரணம் இதுதான். அக்காவின் கேள்விக்கு நேர்ப் பதிலும் இதுதான் என்பது எனக்குப் பிடிக்காத உண்மை. 350 சொல்லில் இதற்கு இடமில்லை. இடம் இருந்திருந்தால் மீசையை எடுத்துவிட்டு இந்தப் பெடியனை வைத்திருப்பேனா என்பது வேறு கேள்வி.

பிறகு உலகம் முழுக்க நடந்தது தெரிந்ததே. விமர்சகர்களில் ஏறக்குறைய 60 வீதம் பேர்தான் நல்லதென்றார்கள், பார்வையாளர்களில் 90 வீதத்துக்கு மேல். வசூல் 130 கோடி டொலரைத் தாண்டியது. அந்த வருடம் பார்பிக்கு அடுத்த இடம். இதையெல்லாம் வைத்து அக்காதான் சரி என்று சொல்ல நான் தயாரில்லை. கூட்டம் வந்தது படத்தின் தகுதிக்குச் சாட்சி என்றால் விமர்சனப் பக்கத்தை மூடிவிட்டு வசூல் பட்டியல் போடலாம், காகிதமும் மிச்சம்.

ஆனால் வெள்ளவத்தையில் சலூனில் வைத்து ஒருவர், "உங்கட எழுத்தைப் பாத்துத்தான் பிள்ளையளக் கூட்டிக்கொண்டு போனனான், நல்ல சந்தோசம்" என்றார். எந்த இடம் பிடித்தது என்று கேட்டேன். கடைசி வரியைச் சொன்னார். நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்ல? அதே கிழமை, என்னிடம் சினிமா எழுதப் பழகுகிற தம்பி ஒருவன், "அண்ணா, கடைசி வரி விளம்பரம் மாதிரி இருக்கு, நீங்க எழுதினதா?" என்றான். "பக்கத்தில் வந்தால் என்னுடையதுதான்" என்றேன். அப்போது அது பெருந்தன்மை மாதிரித்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில், சலூனில் அந்த ஆள் சொன்ன பாராட்டையும் அப்படி என்னுடையதாக எடுத்துக்கொண்டேனா என்று யோசித்தேன். எடுத்துக்கொண்டேன்தான்.

அடுத்த மரியோ படம் 2026 ஏப்ரலுக்கு என்று அறிவித்ததும் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். விமர்சனத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி போடுவோம், யார் யாரைக் கூட்டிக்கொண்டு போகலாம், எவ்வளவு ஆங்கிலம் தெரிய வேண்டும் என்று அதில் இருக்கட்டும், விமர்சனத்தை என்னிடம் விட்டுவிடுங்கள் என்று. பெட்டிக்கு 60 சொல் தருகிறேன், அதையும் உங்களுடைய 350இல்தான் கழிப்பேன் என்று பதில் வந்தது.