போர் போட்ட மண்

பக்கத்து வயலில் ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போர் இறங்குகிறது. பத்தடிக்கு ஒரு கை மண்ணாக வரப்பில் வரிசையாகக் குவித்துக்கொண்டே வந்தார் போர்க்கார அண்ணன்.

கறுப்புக் களி. பழுப்பு மணல். மறுபடி சாம்பல் களி, விரலை விட்டுப் போகாத பிசுக்கு. அதற்கடுத்த குவியலில் உடைந்த சிப்பி ஓடு.

"ஜியாலஜி படிக்கிற தம்பிதானே, தண்ணி எங்க இருக்கு சொல்லுங்க?"

மணலைக் காட்டினேன்.

"அது எனக்கே தெரியும். நல்ல தண்ணியா, உப்பா?"

சிப்பியைப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

கல்லே இல்லாத மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஜியாலஜி படிப்பது வேடிக்கைதான். பாறையைத் தொட திருச்சி போகணும், அம்மோனைட் என்கிற சுருள் ஓட்டுக் கடலுயிரியின் புதைபடிவம் பார்க்க அரியலூர் தாண்டிக் காரைக் கிராமம். ஆனால் இங்கே மணல் என்றால் ஆறு ஓடிய தடம், களி என்றால் நீர் தேங்கிய இடம், சிப்பி என்றால் கடலோ உப்பங்கழியோ உள்ளே வந்திருக்கிறது. வேதாரண்யத்து மணல்மேடுகளே பழைய கடற்கரைகள்தான்.

1934-ல் மேட்டூர் அணை வந்தபின் காவிரி கொண்டுவரும் வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. நம் மண்ணின் அடுத்த அடுக்கு அணைக்குள் கிடக்கிறது.

2017-ல் அதைத் தூர்வாரி விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். சரிதான். ஆறு சும்மா கொண்டுவந்து போட்டதை லாரி வாடகை கொடுத்து இவ்வளவு தூரம் யார் இறக்குவது?