கடல் வந்த வருஷம்

காசிமேட்டில் ஏலம் முடிந்து ஐஸ் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் ஷேர் ஆட்டோ பிடித்தேன். எண்ணூர் விரைவுச் சாலையில் வலப்பக்கம் கருங்கல் குவியல், அதற்கப்பால் கடல். சாலைக்கும் அலைக்கும் நடுவே அவ்வளவுதான் இடம்.

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் ஓர் ஆயா கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். "மூத்தவள் கடல் வந்த வருஷம் பிறந்தவள்" என்றார். 2004 என்று அவர் சொல்லவில்லை. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதையும் "கறுப்புத் தண்ணீர் வந்தபோது" என்றே சொன்னார். அப்போது அவருடைய மகனும் மற்ற மீனவர்களும் தங்கள் படகிலேயே போய், கையால் அதை அள்ளினார்கள். வலையும் பிழைப்பும் பாழானவர்களே அள்ளவும் போனார்கள் என்பது இப்போதும் என் மனத்தை அறுக்கிறது.

சுமத்ராவுக்கு அருகே சிமெலுவே என்று ஒரு தீவு. 1907இல் பேரலை அங்கே பெருந்தொகையானோரை வாரிக்கொண்டு போனது. உயிர் தப்பியவர்கள் அந்த அலைக்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்து, பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. 2004இல் நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவு அது. ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. ஜப்பானின் அனெயோஷியில், 1933 அலைக்குப் பிறகு, இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். 2011இல் அலை அந்தக் கல்லை எட்டவில்லை.

நமக்கும் 'கடல்கோள்' என்றொரு பழஞ்சொல் உண்டு. உரையாசிரியர்களின் ஏட்டிலேயே அது தங்கிவிட்டது. குப்பத்துத் தாலாட்டில் ஏறவில்லை. 2004இல் 'சுனாமி' என்ற சொல்லைச் செய்தித்தாளில் படித்துத்தான் நம்மில் பலர் கற்றுக்கொண்டோம். இது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த எட்டு வயதுப் பேரனிடம், கடல் திடீரென்று உள்ளே போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"மீன் பொறுக்கப் போவேன்."

ஆயாவின் கை கருவாட்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது. "இங்கே வா கண்ணு" என்று அவனை இழுத்து மடியில் உட்காரவைத்தார். "உன் அக்கா அப்போது கைக்குழந்தை. ஞாயிற்றுக்கிழமை காலை..." என்று ஆரம்பித்தார்.

நான் திரும்பவேண்டிய ஆட்டோ வந்தது. அதைப் போகவிட்டு, மணலில் உட்கார்ந்தேன்.