கடிதத்தில் விடுபட்ட ஒரு வரி, சட்டையில் ஒரு பொத்தான்

கோலாலம்பூரில் அரசாங்க மருத்துவமனையில் பிள்ளைக்குத் தெரப்பி கிடைக்குமா என்று கேட்கிறார்கள். கிடைக்கும். எங்களுக்கு நாலு மாதம் வீணாய்ப் போனதற்குக் காரணம் கிளினிக்கில் எழுதிக் கொடுத்த சூராட் ருஜுக்கான், அதாவது மருத்துவமனைக்கு அனுப்பும் பரிந்துரைக் கடிதம். அதில் "பேச்சுத் தாமதம்" என்று மட்டும் இருந்தது. பென்சில் பிடிக்க வராது, படி ஏறினால் கைப்பிடியை விடமாட்டான் என்பதெல்லாம் வாயால் சொன்னதோடு சரி. தேதி வந்து போனால் பேச்சுப் பயிற்சிக்கு மட்டும்தான் பதிவு. அடுத்த கவுன்டரில் "கடிதத்தில் இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே, டாக்டர் அறையை விட்டு வெளியே வருமுன் கடிதத்தைப் படியுங்கள். உடலியக்கத்துக்கு ஃபிசியோதெராப்பி, கைவேலைக்கும் அன்றாடக் காரியங்களுக்கும் பெமுலிஹான் காரா கெர்ஜா (ஆக்குபேஷனல் தெரப்பிக்கு மலாய்ப் பெயர்). இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு பெயரும் கடிதத்தில் இருக்க வேண்டும். மருத்துவமனைப் பலகையிலும் 'காரா கெர்ஜா' என்றே போட்டிருக்கும். 'ஆக்குபேஷனல்' என்று தேடி மாடி மாடியாக அலைய வேண்டாம்.

ஓகேயு அட்டைக்கான (மாற்றுத்திறனாளி அட்டை) பாரத்தில் டாக்டர் கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தவில்லை. சமூக நல அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளவில்லை. அதற்காக இன்னொரு நாள் லீவு. அட்டை கைக்கு வந்தபின் அரசாங்க மருத்துவமனைக் கட்டணம் இல்லை என்பதால் அலைச்சலுக்குப் பலன் உண்டு. இடையில் தனியார் நிலையத்துக்குப் போவதாக இருந்தால், தெரப்பிஸ்ட் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் துணை சுகாதாரத் தொழிலர் மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். பதிவு எண்ணைத் தயக்கமில்லாமல் காட்டாதவரிடம் பணம் கட்டாதீர்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், வருமான வரிக்கு உதவும்.

சரி, இடம் கிடைத்தது. எங்களுக்குக் கிடைத்தது ஆறு வாரத்துக்கு ஒரு தடவை, முப்பது நிமிடம். கையில் பதினோரு பயிற்சி அச்சடித்த தாள். பதினொன்றையும் செய்யப் பார்த்தால் மூன்றாம் நாளே வீட்டில் எல்லாருக்கும் அழுகை. தாளை மடித்து வைத்துவிட்டு, "அடுத்த தடவை வருவதற்குள் இவன் தானாகச் செய்ய வேண்டிய ஒரே வேலை எது?" என்று கேட்பதுதான் சரி. ஆஸ்திரேலியாவின் ஐயோனா நோவாக் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள 36 பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து, இரண்டு குழுவுக்கு வீட்டுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இலக்கைக் குடும்பமே தேர்ந்தெடுத்தது. சராசரியாக மாதத்துக்குப் பதினேழு பதினெட்டு தடவை, தடவைக்குப் பதினாறு பதினேழு நிமிடம். அதற்கே முன்னேற்றம் தெரிந்தது. தினம் இரண்டு மணி நேரம் யாரும் மல்லுக்கட்டத் தேவையில்லை.

நாங்கள் எடுத்துக்கொண்டது சட்டைப் பொத்தான். இதைக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிச் சொல்லித்தர வேண்டும். பொத்தானை ஓட்டைக்குள் பாதிவரை நீங்கள் தள்ளுங்கள். வெளியே தெரியும் பாதியைப் பிடித்து இழுப்பது மட்டும் பிள்ளையின் வேலை. முடித்த பெருமை அவனுக்கே போகிறது. ஐந்துக்கு நாலு தடவை, மூன்று நாள் தொடர்ந்து வந்தபின் ஒரு படி பின்னால் போங்கள்: இப்போது தள்ளுவதும் அவன். காலர் பொத்தான் கண்ணுக்குத் தெரியாது, கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்கு நேரே உள்ள மூன்றாவது, நாலாவது பொத்தானில் தொடங்குங்கள்.

கெட்டுப்போவது எங்கே? பழகுவதற்கு அம்மாவின் பிளவுஸை எடுப்பதில். பெண்கள் உடுப்பில் பொத்தான் இடப்பக்கம், பையன் சட்டையில் வலப்பக்கம்; கை மாறிப்போகும். மேசைமேல் விரித்துப் பழக்கினால் காலர் பிள்ளையின் வயிற்றுப் பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிவிடும். புதுப் பள்ளிச் சட்டையில் ஓட்டை விறைப்பாக இருக்கும். இரண்டு மில்லிமீட்டர் வெட்டி விடுங்கள்.

விரல் வேலைக்குமுன் பாதத்தைப் பாருங்கள். கால் தொங்கினால் இடுப்பு சரியும், அப்புறம் ஒரு கை உடம்பைத் தாங்கவே போய்விடும். நாற்காலியின் உயரம் 45 செ.மீ., பிள்ளையின் முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால்வரை 26 செ.மீ. என்றால் பாதத்துக்கு 19 செ.மீ. முட்டு வேண்டும். அரிசி நிரப்பிய மைலோ டின் இரண்டு, மேலே ஒரு பலகை, சுற்றி டேப். காலி டின் சறுக்கும்.

கிரேயானை மூன்று செ.மீ. துண்டாக உடைத்துக் கொடுங்கள். முழு நீளம் இருந்தால் உள்ளங்கையால் பிடிப்பார்கள், துண்டு என்றால் விரல்நுனிதான் வழி. தாளைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் கண் உயரத்தில் ஒட்டினால் மணிக்கட்டு தானாகப் பின்னால் மடியும். விரலால் அழுத்திப் பழகத் துணிக் கிளிப் வாங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்த பிளாஸ்டிக்கில் தொடங்குங்கள். மரக் கிளிப் பிறகு. சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் பிசைந்து பத்துப் புளியங்கொட்டையைப் புதைத்துத் தோண்டி எடுக்கச் சொல்லலாம். மாவு தளர்ந்தால் விரலுக்கு வேலையே இல்லை. மூன்று வயதுக்குக் கீழே, அல்லது எதையும் வாயில் வைக்கும் பிள்ளைக்குக் கொட்டையே வேண்டாம்.

தூக்கத்துக்கென்று கனமான போர்வை விற்பார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் நடத்தி 2014இல் வெளியான சோதனையில் அது தூக்க நேரத்தைக் கூட்டவில்லை. சக்கரம் வைத்த பேபி வாக்கரும் வேண்டாம். கனடா 2004லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

அடுத்த அப்பாயின்மெண்டுக்கு, பிள்ளை வீட்டில் செய்வதை இருபது வினாடி வீடியோ எடுத்துக் கொண்டு போங்கள். தெரப்பி அறைக்குள் எந்தப் பிள்ளையும் ஒழுங்காகச் செய்து காட்டாது. கை மட்டும் தெரிகிற மாதிரி எடுத்துவிட்டு நாங்கள் பட்டோம். தோளும் பாதமும் ஃபிரேமுக்குள் இருக்கட்டும்.